மீளா அடிமைப் பதிகத்துக்கு வடிவாப் பொருள் பிடிக்கிறது எப்பிடி

அப்பாவுக்கு ஒரு கண்ணில கற்றரக்ட் ஒப்பரேசன் முடிஞ்சு மற்றக் கண்ணுக்கு திகதி தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. பின்னேரம் சாமியறையில விளக்குக் கொளுத்திப்போட்டு அவர் வழமையா தேவாரம் படிக்கிறவர், அண்டைக்கு சுந்தரரின்ர மீளா அடிமைப் பதிகம், ரெண்டாவது பாட்டில "மற்றைக் கண்தான் தாராது ஒழிந்தால்" எண்ட இடம் வர சத்தம் நிண்டிட்டுது. நான் குசினிக்குள்ள தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிண்டனான், என்னவோ ஏதோ எண்டு ஓடிப்போய்ப் பாத்தா புத்தகத்தை மடியில வச்சுக்கொண்டு சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். "பிள்ளை, சின்னனில இருந்து இதைப் படிக்கிறன், இந்த மனிசன் என்ன கேட்டு நிக்கிறார் எண்டு இண்டைக்குத்தான் விளங்குது" எண்டார்.

நாங்கள் எல்லாரும் இதைப் பாடமாக்கின ஆக்கள்தானே. ஆடிச் சுவாதியில சுந்தரர் குருபூசை வந்தா பண்ணிசைப் போட்டி, சோதினைக்கு பதவுரை, சொல்லுக்குச் சொல் கருத்தை கொப்பியில எழுதிப்போட்டு அடுத்த கிழமையே மறந்திடுறது. ஆனா ஒருத்தர் தான் விட்ட பிழையை நினைச்சு அந்தரிச்சுக்கொண்டு, எனக்கு இரங்கு எண்டு கேக்கிற பாட்டுக்கு அகராதிப் பொருள் மட்டும் காணாது. அண்டைக்குப் பிறகு நானும் அப்பாவும் கனநாள் இருந்து இந்தப் பதிகத்தை வரி வரியாப் பாத்தனாங்கள், அதில எனக்குப் பிடிபட்ட முறையைத்தான் எழுதிறன், பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்கிற ஆக்களுக்கும் உதவும்.

முதல்ல கதையைத் தெரிஞ்சுகொள்ளுங்கோ, கதை தெரியாமல் பாட்டுக்குள்ள போகாதேங்கோ. சேக்கிழார் பெரியபுராணத்தில சொல்லுற கதை இது, அதை வாசிக்கக் கஷ்டம் எண்டா எங்கட நல்லூர் ஆறுமுக நாவலர் 1852இல வசனமா எழுதி அச்சடிச்சது இருக்கு, அதை எடுங்கோ. சுந்தரர் திருவாரூரில பரவையாரை முடிச்சவர், பிறகு திருவொற்றியூர் போன இடத்தில சங்கிலியாரையும் முடிக்க ஆசைப்படுறார், உன்னை விட்டிட்டுப் போகமாட்டன் எண்டு சத்தியம் பண்ணித் தரவேணும் எண்டு வருது. சாமிக்கு முன்னால சத்தியம் பண்ணினா பிறகு போகேலாதே, அதால சிவனிட்டயே போய், நான் சத்தியம் பண்ணுற நேரம் நீ உள்ளுக்க இருக்காத, மகிழ மரத்தடியில போய் இரு எண்டு கேக்கிறார். சிவன் சரி எண்டு சொல்லிப்போட்டு சங்கிலியாரின்ர கனவில போய் மகிழடியிலயே சத்தியம் வாங்கு எண்டு சொல்லிப்போட்டார். சுந்தரருக்கு வேற வழி இல்லை, மரத்தடியில நிண்டு சத்தியம் பண்ணினார். கொஞ்சக் காலம் போக தென்றல் அடிக்குது, ஆரூர் வசந்த விழா ஞாபகம் வருது, பரவையார் ஞாபகம் வருது, வெளிக்கிட்டார், ஒற்றியூர் எல்லையைத் தாண்டின உடன ரெண்டு கண்ணும் போச்சு.

இப்ப இதில ஒரு விசயத்தை மனசில இருத்துங்கோ. அவர் விட்ட பிழை சத்தியத்தை மீறினது மட்டும் இல்லை, சத்தியம் பண்ணமுதலே தப்புறதுக்கு வழி தேடினவர். அது கேக்கிற அவருக்கும் தெரியும், குடுக்கிற சிவனுக்கும் தெரியும். பாட்டில அவர் கத்துற கத்தல் எல்லாம் இது தெரிஞ்ச ரெண்டு பேருக்கு இடையில நடக்கிற கதை.

அடுத்தது, இந்தப் பதிகத்தைத் தனிய எடுத்து வாசிக்காதேங்கோ. கண் போன இடத்தில இருந்து கண் வந்த இடம் வரைக்கும் அவர் ஊர் ஊராப் படிச்சுக்கொண்டு போன பதிகங்கள் ஏழாம் திருமுறையில அங்கங்க சிதறிக் கிடக்கு, ஒழுங்கா அடுக்கினா ஒரு கதைப்பாட்டு மாதிரியே போகும். ஒற்றியூரில பாடினது 54ஆம் பதிகம், வடதிருமுல்லைவாயில் 69, திருவெண்பாக்கம் 89, காஞ்சி ஏகம்பம் 61, கடைசியா ஆரூர் 95, அதுதான் மீளா அடிமை. வெண்பாக்கத்தில ஊன்றுகோல் கிடைச்சுது, காஞ்சியில இடக்கண் வந்திட்டுது, ஆரூரில நிண்டு கேக்கிறது வலக்கண்ணை. அஞ்சையும் ஒரு கொப்பியில இந்த ஒழுங்கில எழுதுங்கோ, போட்டோக்கொப்பி அடிச்சு வெட்டி ஒட்டினாலும் சரி. பக்கம் பக்கமா இருக்கவேணும், ஏனெண்டு பிறகு தெரியும்.

எழுதின பிறகு ஒரு பென்சிலை எடுத்து ஒவ்வொண்டிலும் "கேக்கிற" சொல் எது எண்டு தேடிக் கோடு போடுங்கோ. வருணனை, புகழ்ச்சி, சோலை, வண்டு எல்லாத்தையும் விட்டிட்டு அந்த ஒரு சொல். ஒற்றியூரில "என்கணுக்கு ஒரு மருந்து உரையாய்", கண்ணில விடுறதுக்கு ஒரு மருந்து சொல்லு எண்டு, கண்ணைத் தா எண்டுகூடக் கேக்கேல்ல, ஒரு பரியாரியாரிட்டக் கேக்கிற மாதிரி மருந்துதான் கேக்கிறார். முல்லைவாயிலில "அடியேன் படுதுயர் களையாய்". ஆரூருக்கு வந்தா கேள்வியின்ர வடிவே மாறீட்டுது, "தாராது ஒழிந்தால்", தராட்டி எண்டு. தராட்டி என்ன செய்வன் எண்டு மிரட்டவும் இல்லை, தராட்டி நீர் நல்லா இரும், அவ்வளவுதான். இந்த மாற்றத்தைக் கண்டுபிடிச்சிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

இப்ப ஒற்றியூர்ப் பாட்டில ஒரு வரி, "பிழுக்கை வாரியும் பால்கொள்வர்". உரை எழுதின ஆக்கள் இதுக்கு நீட்டி எழுதுவினம், எங்களுக்கு அது தேவையில்லை, அம்மம்மா வீட்டுப் பட்டியை நினைச்சா காணும். விடிய எழும்பி ஆட்டுப் புழுக்கையை எல்லாம் கூட்டி அள்ளிக் கடகத்தில போட்டு தோட்டத்துக்கு எடுத்து வச்சிட்டுத்தான் அம்மம்மா பால் கறக்கப் போவா, மூத்திர நாத்தம் மூக்கைத் துளைக்கும், ஒருநாளும் அவ முகம் சுளிச்சதை நான் காணேல்ல, அந்தப் பாலில்தான் எங்களுக்குத் தேத்தண்ணி. சுந்தரர் சொல்லுறது அதுதான், புழுக்கையை வாரிக் கொட்டியும் பாலுக்காக ஆட்டை வச்சிருக்கிறியளே, என்னிலயும் ஊத்தை கிடக்கு, பாலும் கிடக்கு, ஊத்தைக்காக என்னைத் துரத்திப்போடாத. அடுத்த வரியிலயே "பிழைப்பன் ஆகிலும் திருவடிப் பிழையேன்" எண்டு வருது, நான் பிழை விடுற ஆள்தான் ஆனா உன்ர காலடிக்குப் பிழை விடமாட்டன். பிழை செய்தனான் எண்ட ஒப்புதல் இதுக்குள்ளேயே வந்திட்டுது பாருங்கோ, கதறி அழுது சொல்லேல்ல, ஆட்டுப்பட்டியைக் காட்டிச் சொல்லிப்போட்டார்.

இப்பிடித்தான், எங்கட ஊர்க் கதையில இன்னும் உயிரோட இருக்கிற சொல்லுகளைத் தேடிப் பிடிக்கிறது நல்ல வழி. எங்களுக்கு இதில ஒரு கொடுப்பினை இருக்கு, யாழ்ப்பாணத்தில வயசான ஆக்கள் கதைக்கிற சொல் கனக்க இந்தப் பாட்டுகளுக்குள்ள அப்பிடியே கிடக்கு. வெண்பாக்கத்துப் பாட்டில "படலம் என்கண் மறைப்பித்தாய்" எண்டு வருது, அப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கினப்போ பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பாத்திட்டு "தம்பி கண்ணில படலம் விழுந்திட்டுது" எண்டுதான் சொன்னவ, டொக்டர் சொல்லமுதலே.

ஆனா எனக்கு இந்தப் பதிகத்தையே திறந்து விட்ட சொல் ஒற்றி. "விற்றுக் கொள்வீர் ஒற்றி அல்லேன்" எண்டு ரெண்டாம் பாட்டு துடங்குது. ஒற்றி எண்டா எங்கட ஒத்திதான். காணியை ஒத்திக்குக் குடுக்கிறது, காசு வாங்கிக்கொண்டு காணியைக் குடுப்பினம், வட்டிக்குப் பதிலா காணியில வாறதை காசு குடுத்தவர் எடுப்பார், காசைத் திருப்பிக் குடுத்தா காணி திரும்பி வரும். ஒல்லாந்தர் 1707இல எங்கட தேசவழமைச் சட்டத்தை எழுத்தில போட்டு வச்ச நேரமே அதில ஒத்தி பெரிய இடம் பிடிச்சிருந்தது, இண்டைக்கும் நொத்தாரிசு வீட்டில உறுதி முடிக்கிற ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒத்தி வச்ச காணியை மீட்கலாம். அறுதியா வித்தா மீட்கேலாது. இப்ப திரும்பிப் போய் பதிகத்தின்ர முதல் சொல்லைப் பாருங்கோ, "மீளா" அடிமை. மீட்க ஏலாத அடிமை. அடகு வச்ச நகையை மீட்டனீங்களோ எண்டு கேக்கிறமே அதே மீள்தான். அதோட ஒற்றி எண்ட சொல்லில ஒற்றியூரும் ஒளிச்சிருக்கு, கண்ணைப் பறிச்ச ஊரின்ர பேர்.

இதை இன்னும் கொஞ்சம் பின்னால கொண்டு போகலாம். சுந்தரரை சிவன் முதன்முதல் பிடிச்சதே ஒரு ஓலையைக் காட்டித்தானே, கலியாண வீட்டில கிழவராய் வந்து நீ எனக்குப் பரம்பரை அடிமை, இந்தா ஆளோலை எண்டு திருவெண்ணெய்நல்லூர் வரைக்கும் வழக்குக்கு இழுத்துக்கொண்டு போனவர். அந்த வழக்கில தோத்த மனிசன்தான் இப்ப கண்ணில்லாமல் ஆரூரில வந்து நிண்டு அதே உறுதி பாசையில திருப்பிக் கதைக்கிறார், நான் ஒத்தி இல்லை, அறுதி, வேணுமெண்டா வித்துக்கொள்ளும், ஆனா "விரும்பி ஆட்பட்டேன்", நானா விரும்பித்தான் வந்தனான். ஓலை காட்டிப் பிடிச்ச ஆளுக்கு முன்னால நிண்டு விரும்பி வந்தனான் எண்டு சொல்லுறது எவ்வளவு பெரிய சொல்லு. இந்த இடத்தில கொஞ்சம் நில்லுங்கோ, ஓடிப்போகாதேங்கோ.

சொல்லுகளில ஒரு கவனமும் வேணும், தெரிஞ்ச சொல் மாதிரி இருக்கிறது எல்லாம் தெரிஞ்ச சொல் இல்லை. "அடிகேள்" எண்டதை சின்னப் பிள்ளையள் அடி, கேள் எண்டு பிரிச்சு விளங்கிக்கொள்ளுதுகள், அது அடிகளே எண்டு கூப்பிடுறது. "எற்றுக்கு" எண்டா ஏன், எதுக்கு. "கொத்தை" எண்டா குருடு. "வாளா" எண்டா சும்மா. இந்த நாலும் தெரிஞ்சா முதல் ரெண்டு பாட்டும் அகராதி இல்லாமலே ஓடும்.

பிறகு கூப்பிடுற முறையைப் பாருங்கோ. ஒற்றியூரில "உன் திருவடி", நீ எண்டு கூப்பிடுறார். ஆரூருக்கு வர "உமக்கே", "நீரே", "திருவாரூரீர்". உரைகளில இதை மரியாதைப் பன்மை எண்டு ஒரு வரியில முடிச்சிடுவினம். நாங்கள் யாழ்ப்பாணத்தார் அப்பிடி முடிக்கேலாது, ஏனெண்டா எங்களிட்ட நீர் எண்ட சொல் இன்னும் வாயில இருக்கு, புருசன் பெண்சாதிக்குள்ள, சிநேகிதருக்குள்ள, மனசு நொந்து போன நேரம் "சரி, நீர் உம்மட எண்ணத்துக்குச் செய்யும்" எண்டு வரும். நெருக்கம் விடுபடேல்ல, ஆனா ஒரு முழம் தள்ளி நிண்டு கதைக்கிறது. அந்தத் தொனியில "நீரே பழிப்பட்டீர்" எண்டதை ஒருக்கா வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ, பழி உமக்குத்தான் வந்து சேந்தது எண்டு. சுந்தரர் தம்பிரான் தோழர், சிநேகிதன் எண்ட உரிமை இருந்தபடியால்தான் இந்தக் கதை வாயில வருது, சும்மா ஒரு அடியார் இப்பிடிக் கேக்கமாட்டார்.

பாட்டுப் பாட்டா முடியிற "வாழ்ந்து போதீரே" எண்ட வரிக்கும் இதே திறப்புத்தான். வாழ்த்தோ எண்டு கேட்டா வாழ்த்துத்தான், ஏச்சோ எண்டு கேட்டா ஏச்சும்தான். எங்கட அம்மா என்னோட சரியாக் கோவிச்ச நாளில "நல்லா இரு பிள்ளை, நீ நல்லா இருந்தாக் காணும் எனக்கு" எண்டு சொல்லிப்போட்டு முகத்தைத் திருப்புவா, அண்டைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்காது. நான் சொல்லுற முறை என்னெண்டா, அந்த வரி வாற ஒவ்வொரு இடத்திலயும் அதுக்கு முன்னால என்ன முறைப்பாடு நிக்குது எண்டு பாத்து, அந்த முறைப்பாட்டுக்கு ஏத்த குரலில உங்கட பேச்சில சொல்லுங்கோ. முதல் பாட்டில, உள்ளுக்க எரியிற தணல் மாதிரி வெளியில சுவாலை விடாமல் வெந்து முகம் வாடிப்போய் வந்து அடியார் கஷ்டத்தைச் சொன்னா நீர் சும்மா இருக்கிறீர், சரி நல்லா இரும். அங்க குரல் தாழவேணும். ரெண்டாம் பாட்டில ஏறவேணும்.

மூண்டாம் பாட்டை நான் கொஞ்சம் கூட நேரம் எடுத்துச் சொல்லப்போறன், எனக்கு இந்தப் பதிகத்தின்ர நெஞ்சு அதுக்குள்ளதான் இருக்கெண்டு நினைப்பு. முட்டு எண்ட ஒரு சொல்லை நாலு தரம் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறார். அன்றில் முட்டாது அடையும் சோலை, அதாவது தவறாமல் வந்து அடையிற சோலை. கன்று முட்டி உண்ணச் சுரந்த காலி, காலி எண்டா மாடு. என்றும் முட்டாப் பாடும் அடியார், ஒருநாளும் தவறாமல் பாடுற அடியார். கடைசியா அந்த அடியார் கண் தெரியாமல் குன்றில் முட்டிக் குழியில விழுந்தா, வாழ்ந்து போதீரே. மாடு வளத்த ஆக்களிட்டக் கேளுங்கோ, கண்டு மடியை முட்ட முட்டத்தான் பசு பால் விடும், வெறுமனே போய் வாயை வச்சா விடாது, நல்லா இடிக்கும், பாக்க எங்களுக்கே பசு பாவம் எண்டு இருக்கும், பசு காலை ஒருக்கா மாத்தி வச்சிட்டு நக்கிக் குடுத்துக்கொண்டு நிக்கும். இந்தப் பதிகத்தில சுந்தரர் ஏசுறது எல்லாம் அந்த முட்டல். அதை விளங்கினா, கடவுளை இப்பிடியும் கதைக்கலாமோ எண்டு பிள்ளையள் கேக்கிற கேள்விக்கு நீங்கள் தடுமாறத் தேவையில்லை, கண்டைக் காட்டிவிடலாம்.

இப்ப வில்லங்கமான இடத்துக்கு வாறன். ரெண்டாம் பாட்டில "குற்றம் ஒன்றும் செய்தது இல்லை" எண்டு சொல்லுறார். சத்தியத்தை மீறினவர் எப்பிடி இதைச் சொல்லலாம்? இதுக்குத்தான் அஞ்சையும் பக்கம் பக்கமா வைக்கச் சொன்னனான். வெண்பாக்கத்தில இவரேதான் "பிழையுளன பொறுத்திடுவர் என்று அடியேன் பிழைத்தக்கால்" எண்டு பாடினவர், பொறுப்பியள் எண்ட நம்பிக்கையில பிழை விட்டிட்டன் எண்டு. முல்லைவாயிலில "சங்கிலிக்கா என்கண் கொண்ட பண்ப" எண்டு பேரைச் சொல்லியே ஒத்துக்கொண்டவர். அப்ப ஆரூரில சொல்லுறது பொய் எண்டு எடுக்காதேங்கோ, ஒருக்கால் ஒத்துக்கொண்டாச்சு, தடியை ஊண்டிக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்தாச்சு, ஒரு கண் தந்தும் ஆச்சு, இனியும் மற்றதை வச்சுக்கொண்டிருக்கிற அளவுக்கு உம்மட்ட நான் ஒரு குற்றமும் செய்யேல்ல எண்டுதான் நான் அதை எடுக்கிறன். வேற மாதிரி எடுக்கிற ஆக்களும் இருப்பினம், எடுக்கலாம், ஆனா மற்றப் பதிகங்களைப் பாக்காமல் இந்த வரியை மட்டும் வச்சு முடிவு கட்டாதேங்கோ.

ஒண்டை நான் ஒளிக்காமல் சொல்லவேணும். இந்தக் கதையில எனக்கு மனசு கிடந்து அடிக்கிறது சங்கிலியாருக்காக. அஞ்சு ஊரில பதிகம் பாடி சிவனிட்டக் கேட்டவர் ஒற்றியூரில நிண்டுபோன அந்தப் பிள்ளையிட்ட ஒரு சொல்லு கேட்டதா இந்தப் பாட்டுகளுக்குள்ள இல்லை. பரவையார் கோவிச்ச நேரம் சிவனே ரெண்டு தரம் தூது போனவர். சங்கிலியாரிட்ட ஆர் போனது? பொம்பிளைப் பிள்ளையளுக்கு இதைப் படிப்பிக்கிற ஆக்கள் இந்தக் கேள்வியை அவையள் கேக்கட்டும் எண்டு விடுங்கோ, வாயை அடைக்காதேங்கோ.

இவ்வளவும் செய்தாப் பிறகு கடைசி வேலை பயன் சொல்லுறது, அதாவது பாட்டின்ர கருத்தைப் பேச்சில விளங்கப்படுத்திறது. எங்கட கோயிலுகளில கந்தபுராணம் படிக்கேக்க ஒருத்தர் பாட்டை இராகத்தோட படிக்க மற்றவர் பயன் சொல்லுவார், அந்த முறை வீட்டுக்குள்ளயும் செய்யலாம். ரெண்டு பேர் இருந்தாக் காணும். ஒராள் ஒரு பாட்டைப் படிச்சு நிப்பாட்ட மற்றவர் புத்தகத்தைப் பாக்காமல், செந்தமிழ் போடாமல், பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்த விசயத்தைச் சொல்லுற மாதிரிச் சொல்லவேணும். எங்க வாய் தடக்குதோ அங்கதான் உங்களுக்கு விளங்கேல்ல, அந்த இடத்துக்கு மட்டும் உரையைத் திறவுங்கோ. பண்ணைப் பற்றியும் ஒரு சொல்லு, இது செந்துருத்திப் பண், தேவாரம் முழுக்கத் தேடினாலும் இந்தப் பண்ணில இருக்கிறது இந்த ஒரு பதிகம்தான், இப்ப மத்தியமாவதியில படிக்கினம். யூடியூபில கேக்கிறதெண்டா அவசரமில்லாமல் படிக்கிற ஓதுவாராப் பாத்துக் கேளுங்கோ, மேளம் கீபோட் எல்லாம் போட்டு ஓட்டுறதில "வாளாங்கு இருப்பீர்" எண்டது காத்தோட போயிடுது. தபசுகாலத்தில பசாம், அதாவது யேசுவின்ர பாடுகளைச் சொல்லுற பாட்டு, படிக்கிற வேதக்கார ஆக்களும், செத்த வீட்டு ஒப்பாரியை எழுதி வைக்க நினைக்கிற ஆக்களும் இதே மாதிரிச் செய்து பாக்கலாம், கதை, கேக்கிற சொல், கூப்பிடுற முறை, ஊர்ச் சொல், திரும்பி வாற வரி எண்டு.

பயன் சொல்லேக்க ஒரு பிழை எல்லாரும் விடுறது, பதினோராம் பாட்டு முடிய உடன "சிவன் வலக்கண்ணைக் குடுத்தார்" எண்டு சொல்லி முடிக்கிறது. அது சேக்கிழார் சொன்ன கதை, பதிகத்துக்குள்ள அது இல்லை. கடைசிப் பாட்டில ஆரூரன் எண்டு தன்ர பேரை வச்சு, ஊர் உலகம் அறிய என்ர கண்ணை எடுத்தனீர், பழி உமக்குத்தான், வாழ்ந்து போதீரே எண்டுதான் நிக்குது, கண் இன்னும் வரேல்ல. அதால அப்பா அதோட புத்தகத்தை மூடி கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், நானும் ஒண்டும் சொல்லமாட்டன், விளக்குத் திரியைத் தூண்டி விட்டிட்டுத்தான் மிச்சக் கதையைச் சொல்லத் துடங்குவார்.